ஒட்டும்... ஆனால் ஒழுகும்!

ஏதாவது ஒரு ஹார்டுவேர் கடையில் பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பசை வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "நல்லா ஸ்ட்ராங்கா ஒட்டுமா?" கடைக்காரரும் ஒரே பதிலைத்தான் வைத்திருப்பார். "சார், ஒட்டினா ஒட்டினதுதான். யானையைக் கட்டி இழுத்தாலும் வராது."

யானையைக் கட்டி இழுக்கிற உத்தேசம் நமக்குக் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால், பலமாக ஒட்டுவதும் ஒழுகாமல் இருப்பதும் ஒரே சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் பாருங்கள், அங்கே ஆரம்பிக்கிறது வினை.

ஒரு பஸ்ஸின் கதையைச் சொன்னால் புரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர். ரிடையர் ஆனதும் பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்து, பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கினார். ஸீட்டுகளைக் கழற்றிவிட்டு ஷெல்ஃப் அடித்தார். தரையில் ஜமக்காளம் விரித்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நாளுக்கு ஒன்றாகப் போய் நிற்கும். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படிக்கலாம், எடுத்துக்கொண்டும் போகலாம். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றம் வரை எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். வெயிலுக்குப் புழுங்குமே என்று கூரையில் இரண்டு வென்ட், லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரு சோலார் பேனல், மேலே ஏற ஒரு ஏணி.

பஸ்ஸாக ஓடிய காலத்தில் ஒழுகாத கூரை அது. நூலகமான முதல் ஐப்பசியிலேயே மூன்றாவது ஜன்னலுக்கு மேல் சொட்ட ஆரம்பித்தது.

பட்டறைக்கு விட்டார். வெள்ளை ட்யூபைத் துப்பாக்கியில் மாட்டிப் பீய்ச்சினார்கள். பில்: "லீக் அடைப்பு – 1 ஜாப் – ரூ. 3,500." அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. இந்த முறை இரண்டு உருண்டைகளைச் சேர்த்துப் பிசைகிற எபாக்ஸி பட்டி. "சார், இது கல்லு மாதிரி." 1 ஜாப், 6,000. கல்லு மாதிரிதான் இருந்தது, கல்லு மாதிரியே விரிசலும் விட்டது. மூன்றாவது முறை, வீட்டு மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட், அங்கங்கே தார். 1 ஜாப், 9,500. ஆக மொத்தம் 19,000 ரூபாய்.

மூன்றாவது ரிப்பேருக்குப் பிறகு வந்த மழையில், உள்ளே அடித்திருந்த ப்ளைவுட் சீலிங் கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கியது. அதற்குக் கீழே இருந்தது சின்னப் பிள்ளைகளின் படப் புத்தக ஷெல்ஃப். எடுத்தால் செங்கல் மாதிரி வந்தது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்த பஸ்ஸில் உருப்படியாக ஒட்டியிருந்தது அது ஒன்றுதான்.

ட்யூப் லைட் ஒயர் மேலேயும் ஈரம். "மழை வந்தா பிள்ளைங்களை இறக்கி விட்டுடறேன்" என்றார் சார். மழைக்கு ஒதுங்க வந்த பிள்ளைகளை மழையில் இறக்கிவிடுகிற நூலகம்! அவர் குரலில் இருந்தது கோபமல்ல, வெட்கம். ஏதோ தப்பு அவருடையது என்பது மாதிரி.

எனக்குக் கோபம் வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

*

கரூரில் பஸ் பாடி கட்டுகிற ஷெட்டில் வெகுகாலம் ஃபோர்மேனாக இருந்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் கூரை மேல் ஏறினார். நானும் ஏறினேன்.

மேலே ஒரு சரித்திரமே இருந்தது. அடியில் துரு. அதன் மேல் சிலிக்கோன், அதன் மேல் எபாக்ஸி, அதன் மேல் பெயிண்ட், எல்லாவற்றுக்கும் மேல் தார். பெரியவர் ஒரு ஓரத்தை நகத்தால் நெம்பினார். மொத்த அடுக்கும் தோசையைத் திருப்பிப்போட எடுக்கிற மாதிரி ஒரே துண்டாக வந்தது.

"ஏனுங்க, இதை ஒட்டலீங்க. மூடி வெச்சிருக்காங்க" என்றார்.

இரும்புத் தகடு வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறோமா? பத்து மீட்டர் நீள இரும்புக் கூரை, உச்சி வெயிலுக்கும் பின்னிரவுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 4.8 மில்லிமீட்டர். பட்டறைக் கணக்கில் ஒன்றரை நூல். அலுமினியமாக இருந்தால் 9.2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்று நூல். இந்த நீட்டமும் சுருக்கமும் கூரையிலுள்ள இணைப்புகளில் பங்கு பிரிந்துகொள்ளும். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு என்றால் இரண்டும் ஆளுக்கொரு அளவில் நீளும். தினமும், வருஷம் பூரா. போதாததற்கு வேகத்தடையில் ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது பஸ்ஸின் உடம்பே முறுக்கிக்கொள்ளும்.

வீடு அசையாது, பஸ் அசையும். வீட்டுக்கு வாங்கினதை பஸ்ஸுக்குப் போட்டால் என்ன ஆகும்?

பலமான பசை, அதாவது எபாக்ஸி மாதிரி இறுகிப் போகிற பசை, இந்த அசைவுக்கு வளைந்து கொடுக்காது. ஒன்று, அது வெடிக்கும். இல்லாவிட்டால் தகட்டோடு இருந்த பிடி விட்டுப்போகும். தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் போதும், தண்ணீர் தந்துகி வழியாக உள்ளே இழுபட்டுப் போகும். உள்ளே போனது வெளியே வராது, மேலேதான் பலமாக மூடி வைத்திருக்கிறோமே! அங்கேயே உட்கார்ந்து துருவை வளர்க்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஸ்ட்ராங்கா ஒட்டுமா" அல்ல. "எவ்வளவு இழுத்தால் தாங்கும், எவ்வளவு அமுக்கினால் தாங்கும்?" கட்டட இணைப்புகளுக்கான சீலன்ட்டுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 11600 என்றொரு தர வகைப்பாடு இருக்கிறது. அதில் 25 என்று வகுப்புப் போட்டிருந்தால், இணைப்பின் அகலத்தில் 25 சதவிகிதம் இழுத்தாலும் அமுக்கினாலும் தாங்கும் என்று அர்த்தம். நாலு மில்லிமீட்டர் இடைவெளியில் போட்டால் ஒரு மில்லிமீட்டர் அசைவு. அதையே விரலால் பட்டையாக இழுத்து, காகிதக் கனத்துக்குத் தேய்த்துவிட்டால்? எவ்வளவு நல்ல சரக்கானாலும் கிழியும். "ஃபினிஷிங் பளிச்சுன்னு இருக்கணும்" என்று நாமே சொல்லித் தேய்க்க வைப்பதும் உண்டு.

இது நம் ஊருக்குத் தெரியாத விஷயமில்லை. துறைமுகம் வருவதற்கு முன்னால் மதராஸ் கடற்கரையில், நங்கூரம் போட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தவை மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் படகு வளைந்து கொடுக்கும். விறைப்பாகக் கட்டிய படகு அந்த அலையில் பிளந்துபோகும். கொஞ்சம் தண்ணீர் கசியத்தான் செய்யும், இறைத்துக்கொண்டே போவார்கள். தைத்தவனுக்குத் தெரிந்திருந்தது, எது இறுக வேண்டும், எது நெகிழ வேண்டும் என்று. கையில் சீலன்ட் துப்பாக்கி வந்ததும் நாம் அதை மறந்துவிட்டோம்.

*

இப்போது அந்த வெள்ளை ட்யூபுக்கு வருகிறேன்.

சிலிக்கோன் கெட்ட பொருளல்ல. கண்ணாடிக்கும் பாத்ரூம் ஓரத்துக்கும் அருமையான பொருள். வெயிலை அதைப்போல் தாங்குவது குறைவு. ஆனால், கடையில் விலை மலிவாகக் கிடைக்கிற ரகத்தைப் பிழிந்தால் வினிகர் வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? அது நிஜமாகவே அஸெடிக் ஆசிட் வாசனைதான். இறுகும்போது அந்த ரகம் அமிலத்தை வெளியே விடுகிறது. இரும்பின் மேலும் நாகம் பூசிய தகட்டின் மேலும் அமிலத்தைப் பூசினால் என்ன ஆகும் என்பதை எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். ஒழுகலை அடைக்கப் போட்ட மருந்தே துருவுக்கு விதை. வாசனை வராத நியூட்ரல் ரகம் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

இரண்டாவது சங்கடம் இதைவிடப் பெரியது. சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயிண்ட் நிற்காது, வேறு பசை நிற்காது, பழைய சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன்கூட ஒழுங்காக நிற்காது. ஒருமுறை அவசரத்துக்குப் பீய்ச்சிவிட்டால், அடுத்து வருகிற நல்ல வேலைக்காரனின் கையையும் கட்டிப் போட்டுவிடுகிறோம். தாரும் அப்படித்தான். வெயிலில் இளகும், பிறகு வறண்டு வெடிக்கும், மேலே வருகிற எதையும் ஒட்ட விடாது.

அப்படியானால் எதைப் போடுவது? பெரியவர் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் அவர் எதையுமே ஒட்டவில்லை. ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகத் தண்ணீர் காட்டினார். முதலில் ஜன்னலுக்குக் கீழே, அப்புறம் ஜன்னல், அப்புறம் கூரை ஓரம், கடைசியில் உச்சி. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிஷம். உள்ளே டார்ச்சோடு நான். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து, எங்கே நுழைந்தது என்றே தெரியாது. சொட்டியது மூன்றாவது ஜன்னல் மேல். நுழைந்தது அதற்கு ஆறடி முன்னால், வென்ட்டின் விளிம்பில். சீலிங்குக்கு மேலே ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து இங்கே குதித்திருக்கிறது. மூன்று முறையும் சொட்டிய இடத்துக்கு மேலேதான் பூசியிருந்தார்கள். காய்ச்சல் ஒருவனுக்கு, ஊசி பக்கத்து வீட்டுக்காரனுக்கு!

இன்னொரு கூத்து. ஜன்னல் கண்ணாடி ஓடுகிற தடத்தின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். தடத்தில் விழுகிற தண்ணீர் வெளியே போவதற்கென்றே வைத்தவை. அவற்றையும் சிலிக்கோனால் அடைத்திருந்தார்கள். தண்ணீர் தடத்தில் நிரம்பி உள்ளே வழிந்தது. "தண்ணிக்கு வழி விடோணுமுங்க. வழியை அடைச்சா அது உங்க வழியா வரும்" என்றார் பெரியவர். ஓட்டு வீட்டைப் பாருங்கள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே எந்தப் பசை இருக்கிறது? மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கிறது, தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. பசை எப்போதும் இரண்டாவது காவல்காரன்தான். முதல் காவல்காரன், சரியாக மடித்த தகடு.

அடுத்த இரண்டு நாளும் சுரண்டல். பிளேடு, ஒயர் பிரஷ், தின்னர். துரு போன இடத்தில் பிரைமர். ஒட்டுகிற இடத்தைச் சுத்தமான துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதுவும் முழுக்கப் பறந்து போன பிறகே அடுத்த வேலை. ஈரமாக மிச்சமிருந்தால் பாலியூரிதேன் சரியாக இறுகாது.

பிறகுதான் பசை. வென்ட்டைக் கழற்றி, விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப். இது இறுகவே இறுகாத சூயிங்கம் ஜாதி. இரண்டு பரப்புக்கும் நடுவே அமுங்கி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும், வெளியே ஒட்டுவதற்கு அல்ல. ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முடுக்கினார். விளிம்பு ஓரத்திலும் ஸ்க்ரூ தலைகளிலும் எம்.எஸ். பாலிமர் என்கிற ஹைப்ரிட் சீலன்ட். வெயிலையும் தாங்கும், மேலே பெயிண்ட்டும் அடிக்கலாம். தகட்டு இணைப்புகளுக்கு வண்டிகளுக்கென்றே வருகிற பாலியூரிதேன். பஸ்ஸின் முன் கண்ணாடியை ஒட்டுகிற ஜாதி. பிடிக்கவும் செய்யும், நெகிழவும் செய்யும். வெயில் நேராகப் பட்டால் காலப்போக்கில் மேல் தோல் வெடிக்கும், அதனால் மேலே பெயிண்ட் கட்டாயம். ஜன்னல் ரப்பர் பீடிங் விறைத்துப் போயிருந்தது. அதற்குப் பசை போடவில்லை, பீடிங்கையே மாற்றினார். கடைசியில் கூரைக்கு வெள்ளை பெயிண்ட். சூடு குறைந்தால் நீட்டமும் குறையும் அல்லவா?

இந்த ட்யூபுகள் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி இறுகுபவை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். காலையில் பூசி சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற அவசரத்துக்கு அது வளைந்து கொடுக்காது. அடித்திருக்கும் தேதி தாண்டிய ட்யூபை வாங்கினால் அதுவும் போச்சு. பூசுகிற பையனுக்குக் கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். பாலியூரிதேனில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்கு ஆகாது. "அவனுக்குப் பழக்கம் சார்" என்று சொல்லாதீர்கள். நுரையீரலுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது.

*

நான் படித்தது பி.காம். பசையைவிட பில் எனக்கு நன்றாகப் புரியும். அந்த மூன்று பில்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். "1 ஜாப்." என்ன பொருள், எத்தனை ட்யூப், பழசை எடுத்தார்களா, எத்தனை மணி நேரம் கூலி, எதுவும் இல்லை. கால் கிலோ கத்திரிக்காய்க்கு எடை பார்த்து வாங்குகிற நாம், 19,000 ரூபாய்க்கு மூன்று சொற்களை வாங்கியிருக்கிறோம்.

பட்டறைக்காரரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "சார், சுரண்டறதுக்கு ரெண்டு நாள் கூலின்னு சொன்னா கஸ்டமர் வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான். பூசறதுக்கு அரை நாள்னு சொன்னா சாவியைக் குடுப்பான். நான் என்ன பண்ணட்டும்?"

பதில் சொல்ல முடியவில்லை. சுரண்டுவது கண்ணுக்குத் தெரியாத வேலை. பூசுவது தெரிகிற வேலை. தெரிகிறதுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். கம்பெனிக்காரர்களும் நம்மை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். "எங்கும் ஒட்டும்" என்பது ட்யூபின் முகத்தில் கொட்டை எழுத்தில். எந்த உலோகத்தில் போடக் கூடாது என்பது முதுகில் எறும்பு எழுத்தில், அதுவும் இங்கிலீஷில். பூசப்போகிற பையனுக்குத் தமிழ்தான் தெரியும் என்பது விற்கிறவருக்குத் தெரியாதா?

கரூர்ப் பெரியவரின் கணக்கு, பொருளும் நாலு நாள் கூலியும் சேர்த்து 14,000. எந்த நாளில் எது நடந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜி.எஸ்.டி. இல்லாத சீட்டுதான். ஆனால் நான் பார்த்த நாலு பில்களில் அதுதான் பில்.

"ஒரு பழைய பஸ்ஸுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். ஒரு பஸ் அல்ல. புனேயில் 2016-ல் பழைய பஸ்களைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றினார்கள். மூணாறில் 2020-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்களைத் தங்கும் இடமாக்கி, ஒரு படுக்கைக்கு 100 ரூபாய் என்று விட்டது. மூணாறு மழையைச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல யோசனைகள் இவை. பழைய இரும்புக்குப் போக வேண்டிய வண்டிக்கு இன்னொரு ஆயுள். அந்த ஆயுளைத் தீர்மானிக்கப்போவது உள்ளே போடுகிற மெத்தையோ டைல்ஸோ அல்ல, கூரையில் போடுகிற ஓட்டைகளும் அவற்றை மூடுகிற விதமும். திறப்பு விழாவில் யாரும் கூரை மேல் ஏறிப் பார்ப்பதில்லை.

அதனால் பஸ்ஸோ வேனோ கூரைத் தகடோ, வேலை கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தண்ணீர் காட்டிப் பார்த்தீர்களா? பழையதை முழுக்க எடுப்பீர்களா? எந்தப் பொருள், அது இந்த உலோகத்துக்கு ஆகுமா, எவ்வளவு அசைவைத் தாங்கும்? நாளைக்கு ரிப்பேர் என்றால் அதைக் கழற்ற முடியுமா? நாலுக்கும் பதிலை பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தால், சுரண்டுகிற இரண்டு நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் வேண்டும்.

போன மழைக்காலம் முழுவதும் சாரின் பஸ் ஓடியது. கடைசி ஜன்னல் ஓரத்தில் மட்டும் ஒரு நாள் ஈரம் தெரிந்தது என்று போன் செய்தார். "ட்யூப் ஒண்ணு வாங்கிப் பூசிடட்டுமா?" என்றார் பழக்க தோஷத்தில். "ஹோஸ் பைப்பை எடுங்க சார்" என்றேன்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் நானும் போயிருந்தேன். கூரையில் சடசடவென்று சத்தம். உள்ளே பதினைந்து பிள்ளைகள். ஒருத்தரும் தலை நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை.